பட்டியல் கட்டம் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கணக்கு மென்பொருளுக்காக ஒரு கிரிட் கன்ட்ரோல் (மென்பொருளில் பொருத்தும் ஆயத்தப் பட்டியல் கட்டம்) வாங்கினேன். தொகையை ஏறுவரிசையில் அடுக்கினால் 1, 10, 100, 2 என்று வருகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள், தவறு உங்களுடையது. தொகையை எழுத்தாகக் கொடுத்திருக்கிறீர்கள். எண்ணை எண்ணாகவே கொடுங்கள். காற்புள்ளியும் நாணயக் குறியும் திரையில் காட்டும்போது சேர்ந்தால் போதும். தேதிக்கும் இதுதான். க்யூட்டி (Qt, திரை மென்பொருள் எழுதும் கருவித்தொகுப்பு) என்றால் அசல் மதிப்பை யூசர் ரோலில் (நம் சொந்த மதிப்புக்கான இடம்) வைத்து, அதையே சார்ட் ரோலாக (அடுக்கும்போது பார்க்கும் இடமாக) குறியுங்கள்.

கேள்வி: "பத்து லட்சம் வரிகள், நொடியில் வரிசையாகும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். ஏற்றப்பட்ட 100 வரிகள் மட்டுமே இடம் மாறுகின்றன. விற்றவர் "அது அப்படித்தான்" என்கிறார்.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். பக்கத்துக்குள் மட்டும் அடுக்கிவிட்டு முழுப் பட்டியலும் வரிசையானது போலக் காட்டுகிறது அது. 1000 வரிகள் போட்டு, மிகச் சிறிய தொகையைக் கடைசி வரியில் வையுங்கள். ஏறுவரிசை கொடுத்ததும் அது முதல் வரிக்கு வராவிட்டால் அதுவே சான்று. அதைத் திரைப்பதிவு செய்து, விளம்பர வாசகத்தையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சோதனைப் பதிப்பைப் பார்க்க நேரமில்லை. ஐந்து பேருக்கான உரிமத்தை நேரே வாங்கிவிடலாமா?

பதில்: கூடாது. மீறி வாங்கினால் பிறகு எனக்கு எழுதவும் வேண்டாம்.

கேள்வி: "யூனிகோட் ஆதரவு" என்று போட்டிருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் சரியாக வரிசைப்படுமா?

பதில்: அந்த இரண்டு சொல்லை நம்பி நானும் ஒரு கட்டத்துக்குப் பணம் கொடுத்து இழந்திருக்கிறேன். எழுத்து உடையாமல் தெரியும் என்பதற்கு மேல் அதில் உறுதி எதுவும் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் தரும் குறியீட்டு எண்படி அடுக்கினால் ந-வை ஒட்டி ன வரும், ர-வை ஒட்டி ற வரும், ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ உட்காரும். "கனி" முந்திக்கொள்ள, "கபிலன்" பின்னால் போவார். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருவதால் "பகல்" முடிந்துதான் "பக்கம்" வரும்; அகராதியில் இது தலைகீழ். இந்த நான்கு சொற்களையும் சோதனைப் பதிப்பில் போட்டுப் பாருங்கள். தவறினால், ஒப்பீட்டு விதியை நாமே கொடுக்க வழி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் ஐசியூ (ICU) என்ற, மொழிவாரி வரிசை விதிகள் கொண்ட நிரல் நூலகத்தின் தமிழ் விதியைப் பொருத்தி, அதே நான்கு சொற்களால் மறுபடி சோதியுங்கள். வழியே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வடிகட்டியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. பெயர் பட்டியலில் இருந்தும் "இல்லை" என்று வரும். தரவையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி வடிவத்துக்கு (NFC, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டு ஒப்பிட்டால் சரியாகும். தமிழ் வாடிக்கையாளரிடம் முழு விலை வாங்குபவர்கள் இதைச் செய்து கொடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: வரிசைப்படுத்திய பின் ஒரு வரியை நீக்கினால் வேறொன்று அழிகிறது. வேறு கன்ட்ரோல் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம், அதிலும் இதேதான் நடக்கும். திரையில் 3-ஆவது வரி மூலத் தரவில் 41-ஆவதாக இருக்கலாம். க்யூட்டியில் மேப்-டு-சோர்ஸ் (mapToSource), ஜாவாவின் திரைக் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் கன்வெர்ட்-ரோ-இண்டெக்ஸ்-டு-மாடல் (convertRowIndexToModel) என்ற கட்டளை கொண்டு மூல எண்ணுக்கு மாற்றிவிட்டு நீக்குங்கள். பல வரிகள் என்றால் முதலில் எல்லா எண்களையும் மாற்றிக்கொண்டு, பெரிய எண்ணிலிருந்து கீழே வாருங்கள். சிறிய எண்ணிலிருந்து நீக்கினால் மீதி எண்கள் நகர்ந்துவிடும்.

கேள்வி: 3 லட்சம் வரிகள். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் திரை உறைகிறது. விலை கூடிய பதிப்பு தீர்க்குமா?

பதில்: முதலில் காசில்லாமல் முயலுங்கள். தட்டச்சு நின்று 250 மில்லிநொடி ஆன பிறகே வடிகட்டி ஓடும்படி ஒரு டைமர் வையுங்கள்.