மகனுக்கு ஆட்டிசம்: சொத்தை எல்லாம் மகள் பெயரில் எழுதிவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. திருச்சியில் தனியார் நிறுவன வேலை, மாதச் சம்பளம் 85,000 ரூபாய். ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். தெரபி, சிறப்புப் பள்ளி எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ஆகிறது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவி வேலையை விட்டுவிட்டார். மகளுக்கு 13 வயது. பிஎஃப் தவிர 7 லட்சம் டெபாசிட்டில் இருக்கிறது. மகன் பெயரில் ஆண்டுக்கு 1.2 லட்சம் கட்டும் எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) எடுத்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போருக்கான 80டிடி பிரிவில் வரியும் மிச்சமாகும் என்கிறார் ஏஜென்ட். எங்கள் காலத்துக்குப் பிறகு தம்பியை அக்காதான் பார்க்க வேண்டும் என்பதால், சொத்தை எல்லாம் அவள் பெயரில் எழுதிவிடலாமா? அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

பதில்: ஏஜென்டை முதலில் அனுப்பி வையுங்கள். 80டிடி சலுகைக்கு பாலிசியே தேவையில்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் இருந்து, பிள்ளையின் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் நீங்கள் செலவு செய்தாலே போதும், 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1.25 லட்சம். செலவு கூடினாலும் குறைந்தாலும் தொகை இதுதான். இந்தப் பிரிவில் சேரும் காப்பீடு, அதற்கென்றே அங்கீகாரம் பெற்ற திட்டம் மட்டும். பிள்ளை பெயரில் போடும் சாதாரண எண்டோமென்ட் இதில் வராது.

அதைவிட முக்கியம், இந்தச் சலுகை பழைய வரி முறையில்தான் உண்டு. உங்கள் ஆண்டுச் சம்பளம் 10.2 லட்சம். புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. பழைய முறைக்குப் போய் நிலையான கழிவு, 80சியில் (பிஎஃப் போன்ற சேமிப்புக்கான கழிவு) 1.5 லட்சம், 80டிடியில் 75,000 என்று கழித்தாலும் சுமார் 64,000 ரூபாய் வரி வரும். வேறு வருமானம் பெரிதாக இல்லை என்றால், 80டிடியைப் பிடிப்பதற்காகப் பழைய முறைக்குப் போவது உங்களுக்கு நஷ்டம்.

சரி, அரசிடம் என்ன கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் வாசல் மாற்றுத்திறனாளி சான்றிதழும், யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும்தான். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சதவீதம் போட்டுத் தருவார்கள். அப்போது அறிவுசார் குறைபாடும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் அது தனி வகை. 40 சதவீதம் இருந்தால் கேட்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது நிரமயா. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் காப்பீடு இது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, கட்டணம் சில நூறு ரூபாய்தான். மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், ஏற்கெனவே உள்ள குறைபாடு என்று ஒதுக்கவும் மாட்டார்கள். தெரபிக்கும் பணம் உண்டு, ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு இருப்பதால் உங்கள் 18,000 முழுவதும் திரும்பாது. செலவு செய்துவிட்டுப் பிறகு வாங்கும் முறை, ஆகவே ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள். இதைத் தவிர, தெரபிக்காக உங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்ப இடையீட்டு மையத்தையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

நேராகச் சொன்னால், இவ்வளவும் சேர்ந்தாலும் உங்கள் செலவில் சிறு பகுதிதான் வரும். ஆயுள் முழுக்கத் துணை தேவைப்படும் பிள்ளைக்கு மாதம் 2,000 என்ன ஈடு? மீதி பாரம் குடும்பத்தின் தலையில்தான். அதனால்தான் ஏஜென்ட் சொன்ன 1.2 லட்சத்தை வேறு விதமாகப் பிரிக்கச் சொல்கிறேன். அதில் ஒரு பங்கு, உங்கள் உயிர் மேல் குறைந்தது 1.5 கோடிக்கு டெர்ம் காப்பீடு, அதாவது நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி. வீட்டில் சம்பாதிப்பது நீங்கள் ஒருவர்தானே. மிச்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதாமாதம் போடுங்கள். 7 லட்சத்தில் கை வைக்க வேண்டாம், தெரபி தடைபடாமல் இருக்க அது வேண்டும். அப்புறம், பிஎஃப் கணக்கின் குடும்ப விவரத்தில் மகன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் இறந்தால், நிரந்தரமாக முழுமையாகச் செயல்பட முடியாத பிள்ளைக்கு, பிஎஃப்போடு சேர்ந்த இபிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் வயது வரம்பில்லாமல் பென்ஷன் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இனி மகள் விஷயம். எழுத வேண்டாம். அவள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. 13 வயதுப் பெண்ணிடம் கேட்காமலே அவளுக்கு ஒரு வாழ்நாள் பொறுப்பை எழுதி வைக்கிறீர்கள். நாளைக்கு அவள் வெளிநாடு போகலாம், கடன்படலாம், தம்பிக்கு முன்பே இறந்தும் போகலாம். சொத்து அவள் பெயரில் இருந்தால் அது சட்டப்படி அவளுடையது, அவளுக்குப் பிறகு அவள் வாரிசுகளுடையது. தம்பிக்கு அதில் ஒரு பிடிமானமும் இருக்காது.

என் யோசனை, இருவரும் உயில் எழுதுங்கள். அந்த உயிலிலேயே மகனுக்காக ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்துங்கள். 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. டெர்ம் காப்பீட்டுப் பணமும் மகன் பங்கும் அதற்குள் போகட்டும். பணத்தைக் கையாளும் அறங்காவலர் வேறு, பிள்ளையைக் கவனிப்பவர் வேறு என்று இருப்பது நல்லது. மகள் வளர்ந்த பிறகு விரும்பினால் அறங்காவலர்களில் ஒருவராகட்டும். அவளுக்குரிய பங்கையும் அதே உயிலில் தனியாக எழுதுங்கள். தம்பிக்காக அவள் பங்கு கரைந்ததாக இருக்கக் கூடாது. உயிலை நீங்களே எழுதாமல் வழக்கறிஞரிடம் போங்கள். அறக்கட்டளையை எழுதும் விதத்தைப் பொறுத்து அதன் வருமானத்துக்கு உச்சபட்ச வரி விழவும் கூடும், விழாமலும் போகும்.

இன்னொன்று. மகனுக்கு 18 வயது ஆனதும், அவன் சார்பில் கையெழுத்துப் போடும் சட்ட உரிமை உங்களுக்குத் தானாகத் தொடராது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்க வேண்டும். வங்கிகள் இதை ஏற்கும். உங்களுக்குப் பிறகு வேறொருவர் பாதுகாவலரானால், அவர் சொத்துப் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வாய்ப்பேச்சில் உறவினரிடம் ஒப்படைப்பதைவிட இந்தக் கண்காணிப்பு எவ்வளவோ மேல்.

சம்பளம் 12.75 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் இரண்டு வரி முறைகளையும் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், 80டிடியை அந்தப் பெயரில் தேட வேண்டாம்.