போர்முனைக்குப் போக துணிச்சல் போதுமா?

கேள்வி: இதழியல் படிக்கிறேன். போர்ச் செய்தியாளராக வேண்டும் என்று ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். இந்த வேலைக்குத் துணிச்சல்தானே முக்கியம்? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: துணிச்சல் வேண்டும்தான். ஆனால் அதை முதலில் வைக்க மாட்டேன். பல வருடம் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துவந்த நான் மிகவும் மதிப்பது மேரி கால்வினை. அமெரிக்கர், 1985 முதல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' செய்தியாளர்.

1999இல் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஐ.நா. வளாகத்துக்குள் சுமார் 1,500 பேர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வெளியே ஆயுதக் கும்பல். பெரும்பாலான செய்தியாளர்கள் கிளம்பிவிட்டார்கள். இவர் அந்த மக்களோடு தங்கி, உள்ளிருந்தபடியே செய்தி அனுப்பினார். கடைசியில் அவர்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள்.

2001 ஏப்ரலில் இலங்கை அரசின் தடையை மீறி வன்னிக்குள் போய், மருந்துக்கும் உணவுக்கும் தவித்த தமிழர்களைப் பார்த்தார். திரும்பும் வழியில் இராணுவம் தாக்கியது. 'செய்தியாளர்' என்று கத்தியும் பயனில்லை. இடது கண் பார்வை போனது. அந்த நிலையிலும் கட்டுரையை எழுதி அனுப்பினார். அப்புறம் கடைசிவரை அந்தக் கண்ணில் கறுப்புப் பட்டைதான்.

எட்டு வருடம் கழித்து, முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களில் புலிகளின் அரசியல் பொறுப்பாளர் நடேசன் செயற்கைக்கோள் தொலைபேசியில் அழைத்தவர்களில் இவரும் ஒருவர். அவர்கள் சரணடைய விரும்புவதைக் கால்வின் ஐ.நா.வுக்குச் சொன்னார். சரணடையப் போனவர்கள் கொல்லப்பட்டதை அடுத்த ஞாயிறே எழுதினார். சாகும் நேரத்தில் ஒருவரை நம்பி அழைக்கிறார்கள் என்றால், அந்த நம்பிக்கை வெறும் துணிச்சலால் வந்திருக்காது. பார்த்ததை மட்டும் எழுதி, சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருடக்கணக்கில் சேர்த்தது அது.

2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓச்லிக்குடன் பீரங்கித் தாக்குதலில் இறந்தார். சிரிய அரசே பொறுப்பு என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் உங்கள் வீட்டார் பயம் நியாயமானது, அதை அலட்சியப்படுத்தாதீர்கள். இந்த வேலை மனதையும் காயப்படுத்தும். கால்வினே அதற்குச் சிகிச்சை எடுத்தவர்.

இப்போதைக்கு அரபியோ பிரெஞ்சோ ஒரு மொழி படியுங்கள். பீறிடும் ரத்தத்தைக் கட்டுப்போட்டு நிறுத்தப் பழகுங்கள். உங்கள் மாவட்டத்தில் வெள்ளமோ கலவரமோ நடந்தால், எல்லோரும் திரும்பிய பிறகும் இரண்டு நாள் அங்கே இருந்து எழுதிப் பாருங்கள்.

கேள்வி: போரில் செய்தியாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, அவர்களைப் பொதுமக்களாகவே நடத்த வேண்டும் என்கிறது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை, சேர வேண்டும்.