பழைய லயத்துக்குப் போன வாரண்ட்

கேள்வி: ஐயா, நாங்கள் முன்பு தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிட்டோம். வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு என் வீட்டுக்காரர் அவர் தம்பியின் மோட்டார்சைக்கிளில் கடைக்குப் போனபோது ரோட்பிளாக்கில் நிறுத்தினார்கள். ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ் இரண்டும் செத்துப் போயிருந்தது. கோர்ட் தேதி போட்ட தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீடு மாறும் அலைச்சலில் இவர் போகவில்லை. போன வாரம், அங்கே இன்னும் காலி செய்யாமல் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார். போலீஸ்காரர் இரண்டு பேர் இவர் பெயரைச் சொல்லி விசாரித்தார்களாம், வாரண்ட் என்றார்களாம். இங்கே ஒருவர், எண்ணூறு வெள்ளி கொடுத்தால் 'சிஸ்டத்தில்' அழித்துத் தருகிறேன் என்கிறார். இவர் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். தீபாவளிக்கு முன்னால் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று தூக்கமே இல்லை. அவருக்குப் பதில் நான் போய்ப் பேசினால் ஆகாதா? அதுவரை அவர் லோரி ஓட்டலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்த எண்ணூறு வெள்ளி. கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரண்டைப் பிறப்பித்தது கோர்ட், அதை ரத்து செய்யவும் கோர்ட்டால்தான் முடியும். போலீஸ் நிலையத்தில் இருக்கும் எவருக்கும் அதை அழிக்கும் அதிகாரம் கிடையாது. அந்த ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போனால் நஷ்டம் எண்ணூறோடு போகும். உண்மையிலேயே யாராவது ஓர் அதிகாரியிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பெரிய ஆபத்து. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்கியவரோடு கொடுத்தவரும் குற்றவாளி. ஒரு மோட்டார்சைக்கிள் இன்சூரன்ஸில் ஆரம்பித்த விஷயத்தை ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம். வரைக்கும் கொண்டுபோக வேண்டாம்.

இது எப்படி வாரண்ட் ஆனது என்று கேட்டால், கதை ரொம்பச் சின்னது. அந்தத் தாளில் இருந்த தேதியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உங்கள் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆள் இல்லை. தாள் அவர் கையில் சேர்ந்தது என்பதற்குக் கையெழுத்து இருக்கிறது. மாஜிஸ்திரேட் 'வாரான் தங்காப்', அதாவது கைது வாரண்ட், போடச் சொல்லியிருப்பார். பலர் நினைப்பது போல இது ஆறு மாதத்தில் ஒரு வருடத்தில் தானாகக் காலாவதி ஆகாது. ஆளைப் பிடிக்கும் வரை, அல்லது பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வது இதுதான். தெலுக் இந்தானில் போட்டது தெலுக் இந்தானில் மட்டும் செல்லும் என்பதும் இல்லை. நாட்டின் எந்த மூலையில் நிறுத்தி ஐசி (அடையாள அட்டை) நம்பரைத் தட்டினாலும் பிடிக்கலாம். வாரண்ட் பாக்கி உள்ளவர்களைத் தேடுவதற்கென்றே போலீஸ் 'ஓப்ஸ் வார்த்தா' என்று அவ்வப்போது சோதனை நடத்துகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பழைய லயத்து முகவரிதான். தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கடிதம் வீட்டுக்கு வராது, ஆபீசுக்கு வரும். கிராணி பார்த்து, தண்டல் கையில் கொடுத்துவிட, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். தோட்டம் கைமாறி ஆபீஸ் மூடிய பிறகு அந்தக் கடிதங்களை வாங்க ஆள் இல்லை. நம் ஆட்களோ தாமானுக்கோ மலிவு விலை வீட்டுக்கோ வந்து பல வருடம் ஆன பிறகும் ஐசியில் தோட்டத்து முகவரியையே வைத்திருக்கிறார்கள். கோர்ட்டும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயும் பேங்க்கும் அந்த முகவரிக்குத்தான் எழுதும். வாங்காத கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு வரும் கடன் சம்மன்கூட அங்கேதான் போகும்.  முகவரி மாறினால் 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சுங்கை சிப்புட் முகவரிக்கு இரண்டு பேருமே ஐசியை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து மாற்றுங்கள், இப்போது அவசரம் அதுவல்ல.

அதே முகவரியைக் காரணமாக வைத்து, "கடிதமே வரவில்லை" என்று கோர்ட்டில் சொல்லிவிடாதீர்கள். வேறு யாருக்காவது அது உண்மையாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லை. தேதி போட்ட தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது ஃபைலில் இருக்கும். லயத்தைக் காலி செய்த நேரம், தேதி தவறிவிட்டது, தெரிந்ததும் நானே வந்துவிட்டேன் - இவ்வளவு போதும், இதுதான் நடந்ததும்கூட. தோட்டம் கொடுத்த காலி செய்யும் நோட்டீஸ் பத்திரமாக இருந்தால் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இனி தேடும் வேலை. உண்மையிலேயே வாரண்ட்தானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைத்தான் நாம் வைத்திருக்கிறோம். வந்தவர்கள் வேறு சம்மன் கொடுக்கவும் வந்திருக்கலாம். போலீஸ் சம்மன் கட்டும் இணையச் சேவையான மைபாயார் பிடிஆர்எம்மில் ஐசி நம்பரைப் போட்டால் போலீஸ் சம்மன் பாக்கி தெரியும், மைஜேபிஜே செயலியில் ஜேபிஜே சம்மன் தெரியும். இரண்டையும் பாருங்கள். ஆனால் அதில் ஒன்றும் காட்டவில்லை என்பதால் கோர்ட்டில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வழக்கு எங்கே நிற்கிறது என்பது கோர்ட்டின் குற்றவியல் பிரிவுக் கவுண்டரில்தான் சரியாகத் தெரியும். எந்தக் கோர்ட்? நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரின் கோர்ட் அல்ல, சம்பவம் நடந்த இடத்தின் கோர்ட். சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள். தெலுக் இந்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு முதலில் போன் போட்டு, ஐசி நம்பர், மோட்டார்சைக்கிள் நம்பர், பிடித்த மாதம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பழைய தாள் எங்காவது துணி மூட்டையில் கிடந்தால் தேடி எடுங்கள், அதில் இருக்கும் சம்மன் நம்பர் பாதி வேலையை முடித்துவிடும். போனில் கேட்க வேண்டியது வழக்கு நம்பர், வாரண்ட் போட்டிருக்கிறதா, போட்ட தேதி. இவ்வளவும் நீங்களே கேட்கலாம்.

அதற்கு மேல் உங்களால் ஆகாது. வாரண்டில் இருப்பது அவர் பெயர். ரத்து செய்யச் சொல்லி மாஜிஸ்திரேட் முன் அவர்தான் நிற்க வேண்டும், அல்லது அவருக்காக ஒரு வழக்கறிஞர் பேச வேண்டும். மனைவி போய் அழுதால் கவுண்டரில் இருப்பவருக்குப் பாவமாக இருக்கும், வாரண்ட் அப்படியே இருக்கும்.

உள்ளே வைத்துவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். வைக்கவே மாட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, முடிவு மாஜிஸ்திரேட் கையில். ஆனால் இப்படிப்பட்ட சாலை வழக்குகளில் தானாக வந்து நிற்பவரையும் விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்டவரையும் ஒரே கண்ணால் யாரும் பார்ப்பதில்லை. தானாக வந்தவருக்குப் பெரும்பாலும் வாரண்டை ரத்து செய்துவிட்டு வழக்கை அன்றே எடுப்பார்கள், அல்லது வேறு தேதி கொடுப்பார்கள். ஜாமீன் கேட்கவும் கூடும், அதனால் ஜாமீன் நிற்க உள்நாட்டுக் குடிமகனான ஒரு சொந்தக்காரரை ஐசியோடு கூட்டிப் போவது நல்லது. நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமை ராத்திரி பிடிபட்டால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது, சரி, ஆனால் அந்த இரவு லோக்கப்பில்தான்.

ஆகவே திங்கள் அல்லது செவ்வாய் போகட்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்துக்குக் கவுண்டர் நீண்ட நேரம் மூடியிருக்கும், அந்த அரை நாளில் ஒன்றும் நகராது. (கெடாவில் இருக்கும் வாசகர்கள் நாளை மாற்றி வாசிக்கவும், உங்களுக்கு வார விடுமுறையே வெள்ளி, சனி.) கோர்ட் 9 மணிக்கு உட்காரும் என்றால் 8 மணிக்கே கவுண்டரில் இருக்க வேண்டும், பழைய ஃபைலைத் தேடி எடுக்க அவர்களுக்கும் நேரம் வேண்டுமே. கவுண்டரில் "வாரண்ட் ரத்து செய்ய வந்திருக்கிறேன், நானே வந்தேன்" என்று சொன்னால் எந்த அறை என்று காட்டுவார்கள். காலர் வைத்த சட்டை, நீள சிலுவார், சப்பாத்து. செலிப்பாரும் டீசட்டையும் போட்டுப் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அறைக்குள் போனதும் போனை அடைத்துவிட வேண்டும். அப்புறம் காத்திருப்பதுதான். மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கூப்பிடும்போது அவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, பாதி வாரண்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன! தமிழில் கேட்டுக்கொள்ள விரும்பினால் அதை முதலிலேயே சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பது சலுகை இல்லை, உரிமை. அரைகுறையாகப் புரிந்த மலாய்க்கு 'யா, யா' என்று தலையாட்ட வேண்டாம்.

இந்தத் தலையாட்டல் உங்கள் வீட்டில் சோற்றுப் பிரச்சினை ஆகலாம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரோட்டெக்ஸ் இல்லாதது சில்லறை விஷயம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது அப்படி இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவு அபராதத்தோடு நிற்பதில்லை. சிறப்புக் காரணம் காட்டினால் ஒழிய 12 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியைப் பறிக்கவும் சொல்கிறது. குலை லோரி ஓட்டிப் பிழைப்பவருக்கு இருநூறு முந்நூறு வெள்ளி அபராதத்தைவிட இதுதான் அடி. இந்தச் சட்டம் ஓட்டியவரை மட்டும் இல்லை, ஓட்ட விட்டவரையும் சேர்க்கிறது, உங்கள் கொழுந்தனும் கொஞ்சம் யோசிக்கட்டும். குற்றச்சாட்டை வாசித்ததும் 'மெங்காக்கு சாலா', குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், என்று சொல்லி வேலையை முடித்துக்கொள்ளத்தான் எல்லாருக்கும் தோன்றும். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசட்டும். வண்டி தம்பியுடையது, இன்சூரன்ஸ் முடிந்தது தெரியாது, குடும்பம் லோரி வருமானத்தில் ஓடுகிறது என்பதையெல்லாம் எப்படி முன்வைப்பது, அது சிறப்புக் காரணமாக நிற்குமா என்பதைத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். வழக்கறிஞர் வைக்க வழியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறநிறுவனம், ஒய்பிஜிகே, குற்றவியல் வழக்குகளுக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது. வருமான வரம்பு உண்டு, சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. அன்று யாரும் கிடைக்காவிட்டால், வழக்கறிஞரைப் பார்க்கத் தேதி வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் அவரே கேட்கலாம். தேதி கேட்டதற்காக யாரும் கோபிப்பதில்லை.

அபராதம் விதித்து, கையில் பணம் போதவில்லை என்றால், தவணை கேட்கலாம், அவகாசம் கேட்கலாம். கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்காமல் விழித்துக்கொண்டு நின்றால் கட்டாததற்கான சிறைத் தண்டனைதான் மிஞ்சும். கட்டியதும் ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

வாரண்ட் ரத்தான உத்தரவின் நகல் ஒன்றை முத்திரையோடு கேட்டு வாங்க வேண்டும். கோர்ட்டில் ரத்தானது போலீஸ் கணினியில் அன்றே போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். வாரண்டை வைத்திருக்கும் போலீஸ் நிலையத்தில், தெலுக் இந்தானை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, ஒரு பிரதியைக் கொடுத்துவிடட்டும். இன்னொன்று லோரி டேஷ்போர்டில் சில மாதம் இருக்கட்டும். ஏற்கெனவே தீர்ந்துபோன வாரண்டுக்காக ரோட்பிளாக்கில் ஒரு மணி நேரம் நிற்பது போல் எரிச்சல் வேறில்லை.

இந்த விஷயம் ஊரில் பரவியிருந்தால் போன் அழைப்புகளும் வரலாம். "போலீஸ் தலைமையகம் புக்கிட் அமானிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போட்டால் நிறுத்திவைக்கிறோம்" என்பார்கள். அசல் வாரண்டுக்குப் போலீஸ் போனில் காசு கேட்காது, கோர்ட்டும் கேட்காது. யாராவது போட்டுத் தொலைத்துவிட்டால் உடனே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். உங்கள் வழக்கில் கதவைத் தட்டியது போலீஸ்காரர்கள் என்றாலும், வந்தவர் சீருடை இல்லாமல் வந்தால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம், வாரண்டைக் காட்டச் சொல்லலாம். கேட்டால் காட்ட வேண்டும்.

அதுவரை லோரி ஓட்டலாமா என்று கேட்டீர்கள். கோர்ட் இன்னும் லைசென்ஸைத் தொடவில்லை, எனவே ஓட்டத் தடை இல்லை. ஆனால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் வழியில் ஒரு ரோட்பிளாக் இருக்கலாம், குலையோடு லோரி ஓரத்தில் நிற்க இவர் ஸ்டேஷனுக்குப் போனால் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றே கோர்ட்டுக்குப் போன் போடுங்கள். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லி, தெலுக் இந்தானுக்கு லோரியில் போகாமல் பஸ்ஸிலோ கொழுந்தன் காரிலோ போகட்டும். அந்தக் காருக்கு ரோட்டெக்ஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.