ஃபெண்டர் இருக்கட்டும், தரையைப் பாருங்கள்

அன்புள்ள சார்,

கார் பற்றிக் கேட்க ஓர் எழுத்தாளருக்குக் கடிதம் போடுவது விசித்திரமாக இருக்கலாம். நீங்கள் பட்டறைகள் பற்றி எழுதியதைப் படித்த துணிச்சலில் எழுதுகிறேன். என்னிடம் 1996 மாடல் மாருதி 800 இருக்கிறது. அப்பா வாங்கியது. கார்புரேட்டர், நாலு கியர். முன் சக்கரங்களுக்கு மேல் இருக்கும் ஃபெண்டர் இரண்டும் ஓரத்தில் அரித்துவிட்டன. இடது முன்கதவின் அடிப்பகுதியை அழுத்தினால் பொலபொலவென்று உதிர்கிறது. பானட்டில் பழைய அடி ஒன்று. கம்பெனி ஃபெண்டர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வேறொரு 800-இல் கழற்றியதை வாங்கி வந்தேன், ஹெட்லைட் பக்கம் சேரவே இல்லை. கார்ப்பெட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் துரு உண்டு, பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

மெக்கானிக் ஒருவர் ஆல்ட்டோவின் 12 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சினை ஐந்து கியர் பாக்ஸோடு ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். பவர் கூடும், ஏசி போட்டாலும் இழுக்கும் என்கிறார். செய்யலாமா? பானட்டை ஃபைபரில் போடலாமா? இவ்வளவு செலவழித்தால் பின்னால் விண்டேஜ் மதிப்பு வருமா? வீட்டில் எல்லோரும் விற்றுத் தொலை என்கிறார்கள்.

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

ஃபெண்டருக்கும் கதவுக்கும் வரி வரியாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினுக்கு ஒரு முழுப் பத்தி. கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் துருவுக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ஒரு ‘கொஞ்சம்’. எனக்கு அந்த வரியில்தான் பகீரென்றது. வழக்கமாகக் கார் சந்தேகங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதுவது அந்த வரிக்காகத்தான்.

போன மாதம் என் நண்பர் ஒருவர் இதே 800-ஐ, வீடியோவில் பார்த்து மயங்கி, வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு வண்டி. பெயிண்டில் முகம் பார்க்கலாம். தெருவே கூடி நின்று புகழ்ந்தது. நான் டிரைவர் சீட்டுக்கு முன்னால் மேட்டைத் தூக்கினேன். அடியில் சணல் விரிப்பு, தொட்டால் ஈரம். அதையும் விலக்கி ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து. பிடி வரைக்கும் இறங்கியது. ஓட்டை விழுந்த தரைமேல் தகரத்தை வைத்து, நாலு ரிவெட் அடித்து, எம்-சீல் பூசி, அதன்மேல் கறுப்பாக அண்டர் கோட்டிங் அடித்திருந்தார்கள். நண்பர் இப்போது விற்றவரோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை, குத்தியது நான் என்பதால்.

அதிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். விண்டேஜ் மதிப்பு: 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிதான் விண்டேஜ். உங்களுடையது 2046-இல் அந்தத் தகுதியைப் பெறும். அதுவும் பாடியையும் எஞ்சினையும் மாற்றாமல் வைத்திருந்தால். ஃபைபர் பானட்: வேண்டாம். இருக்கிற பானட்டில் அடிதானே பட்டிருக்கிறது, துரு இல்லையே? தட்டி எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தது.

ஃபெண்டர் சேராததற்குக் காரணம் எளிது. 1997 வாக்கில் 800-இன் முகத்தையே மாற்றினார்கள். சதுர ஹெட்லைட் போய் வளைந்த ஹெட்லைட் வந்தது. பானட், கிரில், ஃபெண்டர், பம்பர் எல்லாம் அதற்கேற்ப மாறின. காயலான் கடைகளில் இன்று கிடப்பவை பெரும்பாலும் பின்னால் வந்த வண்டிகள். உங்களுக்கு வேண்டியது 1986-க்குப் பிறகு, அந்த மாற்றத்துக்கு முன்பு வந்த பாடி. சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடுங்கள். ஃபோனில் கேட்டால் “இருக்கு, வாங்க” என்றுதான் சொல்வார்கள். பழைய ஃபெண்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்து மினுக்கி வைத்ததை வாங்காதீர்கள். ஒரு காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும், பள்ளத்தை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. பில் வாங்காமல் வராதீர்கள், திருட்டு வண்டியின் உறுப்பு உங்கள் வண்டியில் இருக்க வேண்டாம்.

சரி, இப்போது தரை.

ஜீப்புக்கு அடியில் தனியாக ஒரு சாசி, அதாவது இரும்புச் சட்டம், உண்டு. மேலே இருக்கும் பாடி மொத்தமும் உளுத்துப்போனாலும் சாசி வண்டியைத் தாங்கும். 800-க்கு அப்படி எதுவும் கிடையாது. தரை, இரண்டு பக்கமும் கதவுக்கடியில் ஓடும் ரன்னிங் போர்டு, கதவுத் தூண்கள், எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் ஏப்ரான் எல்லாம் சேர்த்து ஸ்பாட் வெல்டு அடித்ததுதான் வண்டி. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடுகள். மடித்து, பெட்டியாக்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வண்டியின் எடை ஏறக்குறைய 650 கிலோவில் நின்றது, அந்தச் சின்ன எஞ்சின் அதை இழுத்தது. நீங்கள் ஊர் ஊராகத் தேடும் ஃபெண்டர் இருக்கிறதே, அது போல்ட்டில் நிற்கிறது. கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் நீங்கள் ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்கு ஓட்டிப் போகலாம், போலீஸ்காரர் பார்க்காமல் இருந்தால். ரன்னிங் போர்டு உள்ளே அரித்திருந்தால் முன்கதவைத் திறந்து ஜாக்கி போட்டுப் பாருங்கள், கதவு மறுபடி சரியாகச் சாத்தாது. விபத்தில் முதலில் மடிவதும் அந்த இடம்தான். பார்க்கிறவர் கண்ணில் படுவது ஃபெண்டர் என்பதால் எல்லோரும் ஃபெண்டர் கேட்கிறார்கள். ரன்னிங் போர்டு கிடைக்குமா என்று ஒருவர்கூட எனக்கு எழுதியதில்லை.

இந்தத் துரு வெளியிலிருந்து வருவதில்லை, அதுதான் தொல்லை. கதவுக் கண்ணாடி இறங்கும் இடத்து ரப்பர் விறைத்துப்போனால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும். இறங்கினால் வெளியே போகக் கதவின் அடியில் ஓட்டைகள் உண்டு. அவற்றை மண் அடைத்திருக்கும், அல்லது பழைய பெயிண்டர் பட்டி வைத்து மூடியிருப்பார். உங்கள் இடது கதவு உதிர்வது இதனால்தான். தரைக்குத் தண்ணீர் வருவது முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் வழியாகவும் வைப்பருக்குக் கீழே உள்ள இடுக்கின் வழியாகவும். வண்டியை நிறுத்தி அங்கே ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் பாருங்கள். ஆசிட் வழிந்து ஏப்ரானைத் தின்றிருக்கும். இந்த வழிகளை அடைக்காமல் புதுத் தகடு போட்டால் நாலைந்து மழைக்காலத்தில் மறுபடி இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு டிங்கரிங் பட்டறையில். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் கோவையில் பொள்ளாச்சி சாலைப் பக்கம் ஒரு பட்டறையின் வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். அங்கே நிழலும் ஓசிப் பேப்பரும் உண்டு. மேஸ்திரிக்கு வாய் நல்லதில்லை. ‘நாளைக்கு’ என்றால் அடுத்த வாரம் என்று வாடிக்கையாளர்களே புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கை! நசுங்கிய கதவின் உள்பக்கம் டோலி என்ற இரும்புக் கட்டியை அணை கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டுவார், ஓங்கி அல்ல, மணிக்கட்டை மட்டும் ஆட்டி. நடுவில் நிறுத்தி, பனியன் துணி ஒன்றை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்துத் தடவுவார். வெறுங்கைக்குத் தெரியாத மேடு துணி வழியாகத் தெரியும் என்பார். நானும் தடவிப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. அடிபட்டு நீண்டுபோன தகடு உள்ளே அழுத்தினால் வெளியே டொப்பென்று எழும். அந்த இடத்தில் எட்டணா அகலத்துக்கு கேஸ் நெருப்பைக் காட்டிச் சிவக்க வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, ஈரச்சாக்கை வைத்து அழுத்துவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். தகடு சுருங்கி இறுகிவிடும். பட்டி அவருக்குக் கடைசியில், அதுவும் சுரண்டி எடுத்தது போக மிஞ்சிய மெல்லிய படலம்தான்.

புதுப் பேனல் மாட்டுவது என்றால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். அதில் கலை அபிமானம் பாதி, கூலி பாதி. ஃபெண்டர் மாற்றினால் அரை நாள் வேலை, தட்டி எடுத்தால் மூன்று நாள். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. வண்டியோடு வந்த தகடு அந்த வண்டிக்குப் பொருந்துவதுபோல் வெளியே வாங்கியது பொருந்தாது. லோக்கல் ஃபெண்டரில் போல்ட் ஓட்டையைச் சுரண்டி நீட்டாமல் ஒன்றுகூட மாட்ட முடியாது. உங்கள் கதவில் அடியில் நாலு இன்ச்தான் போயிருக்கிறது. அதை மட்டும் வெட்டிப் புதுத் தகடு மடித்து வெல்டு வைக்கலாம். மேல்பாதி நல்ல தகடு, அதை எடைக்குப் போடுவது பாவம்.

ரன்னிங் போர்டை மாற்ற அவர் செய்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் கதவுச் சட்டத்துக்குள் குறுக்காக ஒரு இரும்புக் குழாயை வெல்டு வைத்துவிடுவார். அது இல்லாமல் வெட்டினால் தூண் ஒரு நூல் நகர்ந்துவிடும், அப்புறம் கதவு ஜன்மத்துக்கும் பொருந்தாது. பிறகு பழைய ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றையும் டிரில் போட்டு எடுத்து, துருத் தகட்டைப் பிய்த்து, புதியதை அந்த ஓட்டைகள் வழியாகவே வெல்டு வைப்பார். உங்களுக்குக் கிடைக்கும் ஆள் அந்தக் குறுக்குக் குழாயைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். “அதெல்லாம் எதுக்குங்க, மேலயே ஒரு பீஸ் வெச்சு அடிச்சுடலாம்” என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரன்னிங் போர்டு ரெடிமேடாகக் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, அது மடித்த தகடுதான். பஸ் பாடி கட்டும் கரூர் உங்களுக்குப் பக்கம். தகடு வளைக்கும் மெஷின் வைத்திருப்பவரிடம் அளவு கொடுத்தால் மடித்துத் தருவார். வேலை முடிந்ததும் உள்ளே துருத்தடுப்பு வேக்ஸ் அடிக்கச் சொல்லுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கம் நம்மூரில் உண்டு, அது புஷ் ரப்பர்களைக் கெடுக்கும், அடுத்த முறை வெல்டு வைக்கும்போது பற்றிக்கொள்ளும். ஒன்று சொல்லிவிடுகிறேன், சாசி நம்பர் அடித்த தகட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அதை வெட்டினால் வண்டி காகிதத்தில் செத்தது.

எஞ்சின் கதைக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆல்ட்டோவின் 12 வால்வும் அதே 796 சிசிதான், ஏழெட்டு குதிரைத்திறன் கூடுதல். அதற்காக எஞ்சினோடு வயரிங், கம்ப்யூட்டர், சென்சர்கள், டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் என்று பாதி ஆல்ட்டோவை உங்கள் வண்டிக்குள் கொண்டுவர வேண்டும். உளுத்த ஏப்ரானின் மேல். ஏன்யா, வீடு ஒழுகும்போது யாராவது ஹோம் தியேட்டர் வாங்குவார்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று அந்த மெக்கானிக்கிடம் கேட்டீர்களா? ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். கம்பெனி சொன்ன அளவைத் தாண்டி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மெக்கானிக்குக்கு எஞ்சின் விற்ற காசு வந்துவிடும். கோர்ட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

இருக்கிற எஞ்சினில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் பிஸ்டன், ரிங் மாற்றுங்கள். ஆம்னியில் ஓடியதும் இதே எஞ்சின் என்பதால் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, 1996 ரப்பர் அதற்குச் செய்ததல்ல. பெட்ரோல் ஹோஸ்கள், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள். இதுதான் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே அப்கிரேடு.

வீட்டில் விற்கச் சொல்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அப்பா வாங்கிய வண்டி என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள், புரிகிறது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயம் எழுதவே இல்லையே? 1996 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2011, 2016, 2021 என்று ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். 2026-இலும் ஒரு கெடு. கட்டணத்தையும் கூட்டிவிட்டார்கள். எஃப்.சி.க்குப் போகிற அன்று கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வாய்த்தால் திண்டாட்டம், அதனால் டிங்கரிங் முதலில், பெயிண்ட் பிறகு. வண்டி இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் அதற்கும் முன்னால் பெயரை மாற்றுங்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், தாலுகா ஆபீஸில் இழுக்கும், இந்த வாரமே மனு கொடுங்கள்.