கார் வாங்கியாச்சு, நிறுத்த இடம்?

நுகர்வோர் கேள்வி-பதில்

சென்ற இதழில் ஃபிளாட் பத்திரம் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை, எல்லோரும் பார்க்கிங்கைத்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை அதையே பார்த்துவிடுவோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2023-ல் ஃபிளாட் வாங்கினோம். ஸ்டில்ட்டில் (கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே உள்ள தளம்) ஒரு கார் நிறுத்தும் இடம் பத்திரத்திலேயே இருக்கிறது. "எப்படியும் இன்னொரு கார் எடுப்பீங்க, இப்பவே பிடிச்சுப் போட்ருங்க" என்று பில்டர் சொன்னதால், காம்பவுண்டு ஓரத்தில் திறந்தவெளியில் ஓர் இடத்துக்குத் தனியாக 2.5 லட்சம் கொடுத்தோம். லெட்டர்ஹெட்டில் அலாட்மென்ட் கடிதம் தந்தார். போன மாதம் அசோசியேஷன் அந்த இடத்தில் விசிட்டர் பார்க்கிங் போர்டு மாட்டிவிட்டது. யார் பக்கம் நியாயம்? (சரவணம்பட்டி வாசகி)

பதில்: சட்டம் அசோசியேஷன் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ஏமாந்ததற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. வீடு வாங்கும் அலைச்சலில், சாவி கைக்கு வராத நேரத்தில், பில்டர் நீட்டுகிற தாளை யார்தான் மறுப்பார்கள்?

2016-ன் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடத்தில் சேர்த்திருக்கிறது. மொட்டை மாடி, படிக்கட்டு, லிஃப்ட் போல அதுவும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சேர்ந்தது. மாடிப்படியில் நாலாவது படியை உங்களுக்கு விற்றிருந்தால் சிரித்திருப்பீர்கள், இல்லையா? இதுவும் அதே வியாபாரம்தான். 2010-ல் மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில், மேலே கூரை உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கைக்கூட பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. ஆனாலும் நாட்டில் பாதி பில்டர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும்.

இந்த அலாட்மென்ட் கடிதத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. விற்பனை என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்துதான் 'ஒதுக்கீடு' என்று எழுதுகிறார்கள். அதைப் பதிவு செய்வதில்லை. பிரிபடாத பாகத்தில், அதாவது மொத்த மனையில் உங்களுக்கு உள்ள பங்கில், ஓர் அடிகூட அதற்காகக் கூடுவதில்லை. தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு நம்பர், சுவரில் உங்கள் ஃபிளாட் எண், அவ்வளவுதான். இரண்டு மழையில் பெயிண்ட் போய்விடும். கட்டடத்தை அசோசியேஷனிடம் ஒப்படைத்துவிட்டு பில்டர் அடுத்த சைட்டுக்குப் பூஜை போடப் போய்விடுவார். இங்கே வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு லிஃப்ட்டில் போவார்கள். இந்த முறைப்புக்கும் சேர்த்துத்தான் அவர் காசு வாங்கியிருக்கிறார் என்று நான் சொல்வதுண்டு.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். தொகை அதில் எழுதியிருந்தால் அதுவே சாட்சி. இல்லையென்றால் பேங்க் ஸ்டேட்மென்டில் அந்த வரியை அடிக்கோடிட்டு எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு, 15 நாள் கெடு வைத்து, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. விசிட்டர் போர்டு மாட்டிய அன்றே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்திருந்தால் நல்லது. வழி புரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

அசோசியேஷனோடு சண்டை வேண்டாம். பொதுக்குழுவில் பேசி, சுழற்சி முறையில் இடம் கேட்டுப் பாருங்கள். அவர்களும் உங்களைப் போல ஏமாந்தவர்கள்தான்.

கேள்வி: போன மாதம் இரண்டாவது கார் எடுத்தோம். அபார்ட்மென்டில் ஒரு இடம்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்வது? (பீளமேடு)

பதில்: ஷோரூமுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஜப்பானில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருப்பதாகப் போலீசிடம் சான்று வாங்கினால்தான் கார் பதிவாகும். இங்கே கார் லோனுக்கு இருக்கிற அவசரம் வேறு எதற்கும் இல்லை.

கேள்வி: அபார்ட்மென்டை ஒட்டி ஒரு காலி சைட்டு இருக்கிறது. மாதம் 1,500 கொடுத்தால் காரை நிறுத்திக்கொள்ளலாம் என்று பக்கத்து மளிகைக் கடைக்காரர் சொல்கிறார். ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? (திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்)

பதில்: முதலில் அந்த சைட்டு யாருடையது என்று பாருங்கள். சொந்தக்காரர் துபாயில் இருப்பார், காவலுக்குச் சொல்லிவிட்டுப் போனவர் வாடகை வாங்கிக்கொண்டிருப்பார். சொந்தக்காரரிடமே பேசி, வண்டி நம்பரும் வாடகையும் போட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாத அட்வான்ஸ் போதும். நாளைக்கே அஸ்திவாரம் தோண்டினால் மீதி ஐந்து மாதக் காசை எங்கே போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்று. திறந்த இடம் என்றதும் கவர் வாங்க ஓடாதீர்கள். வடவள்ளியில் ஒரு சைட்டில் என் பழைய காரை நிறுத்தியிருந்தபோது ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு கவர் வாங்கினேன். படத்தில் வெள்ளி மாதிரி மின்னியது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்ததும் கவர் ராத்திரியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே புழுதி. பத்து நாள் கழித்துக் கழற்றிப் பார்த்தால், பானெட் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கீறல். பெயிண்ட் வேலைக்கு 7,000 ஆனது. வாங்குவதென்றால் உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்து, அடியில் பெல்ட் போட்டுக் கட்டுகிற கவராக வாங்குங்கள். வண்டியைக் கழுவாமல் அதைப் போடாதீர்கள்.

கேள்வி: எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கார் இல்லை. அவர் இடத்தை மாதம் 800 ரூபாய்க்கு எனக்குத் தருகிறார். அசோசியேஷன் செயலாளர் கூடாது என்கிறார். (ஈரோடு)

பதில்: அசோசியேஷன் விதிமுறைகள் அடங்கிய பைலாவை வாங்கிப் படியுங்கள். வெளியாளுக்குத்தான் விடக்கூடாது என்று இருந்தால் உங்களைத் தடுக்க முடியாது. ஒன்றுமே எழுதாமல் இருந்தால், பெரியவரிடம் ஒரு கடிதம் வாங்கி அசோசியேஷனில் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். செயலாளருக்கும் இரண்டாவது கார் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு காரின் மேல் இன்னொரு காரைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் மெஷின் விற்க வந்தார்கள். என் ஒரே இடத்தில் இரண்டு கார் நிற்குமாம். வாங்கலாமா? (சேலம், ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: விற்க வந்தவர் கையில் டேப் இருந்ததா? 1.5 மீட்டர் உயரக் கார் இரண்டு, நடுவில் தட்டு, மேலே கொஞ்சம் இடைவெளி. கூட்டினால் 3.5 மீட்டரைத் தொடும், அதாவது பதினொன்றரை அடி. பெரும்பாலான ஸ்டில்ட்டுகளில் பீமுக்கு அடியில் 10 அடி இருந்தாலே பெரிய விஷயம். அப்புறம், கீழே இருக்கிற காரை வெளியே எடுத்தால்தான் மேலே இருப்பது இறங்கும். ரயிலுக்குப் போகிற விடியற்காலையில் வீட்டில் யார் சாவி தேடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கரண்டும் அசோசியேஷன் அனுமதியும் தனி.

சின்ன காராக இரண்டு வாங்கி முன்னும் பின்னுமாக நிறுத்தலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்குத் தருவது 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். ஆல்டோவே மூன்றரை மீட்டர் நீளம். கணக்கை நீங்களே போடுங்கள்.

கேள்வி: இடமில்லாமல் காரைத் தென்னை மரத்தடியில் நிறுத்துகிறேன். ஆபத்தா? (பொள்ளாச்சி)

பதில்: பொள்ளாச்சிக்காரர் இதை என்னிடம் கேட்கிறீர்கள்! தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் காய் விழுந்த செலவு உங்களுடையது.

கேள்வி: மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். அவள் கார் இங்கேயே நிற்கிறது. இரண்டாவது காருக்கு அசோசியேஷன் மாதம் 500 வாங்குகிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன். வைத்திருக்கவா, விற்கவா? (கோபி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: விற்றுவிடுங்க ஐயா. நான் சொன்ன அந்த வடவள்ளிக் காரும் இப்படி நின்றதுதான். மூன்று மாதத்தில் பேட்டரி செத்தது, எலி ஒயரைக் கடித்தது. பால்காரரும் நானும் தள்ளினோம், அது ஸ்டார்ட் ஆகவில்லை. என் மகன் ஊருக்கு வரும்போது ஓட்டுவான் என்று வைத்திருந்தேன். அவன் வந்தால் டாக்சியில் போகிறான்.

விற்கும்போது வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் மகள் கையெழுத்து வேண்டும். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். புரோக்கர் "நான் பார்த்துக்கிறேனுங்க" என்பார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.