சூப்பர் மாரியோ லேண்ட் 2: சின்னத் திரையில் ஒரு பெரிய மாரியோ

கேள்வி இதுதான்: நிண்டெண்டோவின் பழைய கையடக்க கேம் கருவியான கேம் பாயில் வந்த ‘சூப்பர் மாரியோ லேண்ட் 2: 6 கோல்டன் காயின்ஸ்’ கேமை இன்றைக்கு முதல்முறை விளையாடினால் பிடிக்குமா? அதில் எது நன்றாக இருக்கும், எது எரிச்சலூட்டும்?

பிடிக்கும். நான் இதைப் பழைய கேம் பாயில் பலமுறை முடித்திருக்கிறேன். போன வருடம் என் மகளோடு உட்கார்ந்து, அதே நிறுவனத்தின் பிந்தைய கருவியான ஸ்விட்சில் மறுபடியும் முடித்தேன். இத்தனை தடவை ஆடிய பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த கேமின் நிறையும் குறையும் தனித்தனி விஷயங்கள் இல்லை. மாரியோவைப் பெரிதாக வரைவது என்று அதைச் செய்தவர்கள் எடுத்த ஒரே முடிவிலிருந்துதான் இரண்டும் வருகின்றன.

இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். 1989இல் கேம் பாயோடு சேர்ந்தே முதல் ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ வந்தது. மொத்தம் 12 லெவல், ஆடிய இடத்தைச் சேமித்துவைக்கும் சேவ் வசதி கிடையாது, பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். அதில் மாரியோ எறும்பு மாதிரி இருப்பான். கேம் பாயின் திரை அகலத்தில் 160 பிக்சல், உயரத்தில் 144. அந்தச் சின்ன இடத்துக்குள், டிவியோடு இணைத்து ஆடும் மாரியோ கேம்களைப் போலவே உலகத்தைக் காட்டப் பார்த்து, எல்லாவற்றையும் சுருக்கிவிட்டார்கள். கேமின் உலகம் சதுரக் கட்டங்களால் ஆனது, இதில் ஒரு கட்டத்துக்கு 8 பிக்சல். அதனால் திரையின் அகலத்தில் 20 கட்டம் தெரியும். டிவியில் வந்த முதல் மாரியோவில்கூட 16 கட்டம்தான் தெரியும்!

1992இல் வந்த இரண்டாம் பாகம் அப்படியே திரும்பியது. கட்டம் 16 பிக்சல் ஆனது, மாரியோ வளர்ந்தான். அவன் மீசை தெரிகிறது, தொப்பி தெரிகிறது, ஓடும்போது கை வீசுவது தெரிகிறது. பழைய கேம் பாய் திரையில் எது நகர்ந்தாலும் பின்னால் ஒரு நிழல் இழுபடும், பின்னொளியும் கிடையாது. அந்தத் திரையில் சின்ன உருவங்கள் ஓடும்போது கரைந்துபோகும், இந்த மாரியோ கரையவே மாட்டான். ஜன்னலோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து விளையாடியவர்களுக்கு இதன் அருமை புரியும். இருக்கிற திரைக்கு ஏற்ப வரைந்தார்கள் என்பதை இந்த கேமின் முதல் பலம் என்று சொல்வேன்.

நிறமே இல்லாத நான்கு சாயலை வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். மற்ற மாரியோ கேம்களில் நெருப்புப் பூவை எடுத்தால் சட்டையின் நிறம் மாறும், அதை வைத்தே அவன் கையில் நெருப்பு இருப்பது தெரியும். இங்கே அதற்கு வழியில்லை. அதனால் தொப்பியில் ஓர் இறகைச் செருகிவிட்டார்கள். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கேரட்டை எடுத்தால் தொப்பிக்கு மேல் முயல் காது முளைக்கும். குதித்து, பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் காது படபடவென்று அடிக்க, மாரியோ இலை மாதிரி மெதுவாக இறங்குவான்.

என் மகள் அந்தக் காதை முதல்முறை பார்த்தபோது லெவலை முடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டாள். ஒரு மேட்டில் ஏறுவாள், குதிப்பாள், காதை அடித்துக்கொண்டே இறங்குவாள், மறுபடி மேட்டுக்கு ஓடுவாள். கீழே நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் பார்க்கவே இல்லை. வெறும் அசைவே இவ்வளவு சந்தோஷம் தருவதுதான் நல்ல பிளாட்ஃபார்ம் கேமுக்கு, அதாவது ஓடித் தாவி விளையாடும் கேமுக்கு, அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது அதே முடிவின் மறுபக்கம்.

கட்டம் 16 பிக்சல் என்றால் 160 பிக்சல் திரையில் பத்தே கட்டம். மாரியோ நடுவில் நிற்கிறான் என்றால் முன்னால் தெரிவது நான்கைந்து கட்டம். வேகமாக ஓடினால் எதிரியோ பள்ளமோ மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது என்பது விளையாடும்போதே புரிகிறது. பெரும்பாலான எதிரிகள் மெதுவாக வருகிறார்கள், இடைவெளி விட்டு நிற்கிறார்கள். மாரியோ குதித்தால் காற்றில் சற்று அதிக நேரம் இருக்கிறான், அதற்குள் நாம் திருத்திக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு பாய வேண்டிய நிலை அபூர்வம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை, கேமின் பெரும்பகுதி ரொம்ப எளிதாகிவிட்டது. டிவியில் மாரியோ ஆடிப் பழகியவருக்குக் குதிப்பதில் ஒரு மிதப்பு, ஒரு தளர்ச்சி தெரியும். முதல் அரை மணி நேரம் அது கையில் ஒட்டாது. விட்டுவிடாதீர்கள், பழகிவிடும்.

எளிதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவும் ஒரு நல்ல விஷயத்தின் மறுபக்கம்தான். இதில் ஆறு பகுதிகள். மரம், விண்வெளி, ராட்சத வீடு, பேய்கள் உலவும் பூசணி, மாரியோ வடிவப் பொம்மை, ஆமை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, அவரிடம் ஒரு தங்கக் காசு. ஆறு காசும் சேர்ந்தால்தான் மாரியோவிடமிருந்து வில்லன் வாரியோ பறித்த கோட்டையின் கதவு திறக்கும். எந்தப் பகுதிக்கு முதலில் போவது என்பது நம் இஷ்டம். 1992இல் ஒரு கையடக்க கேமில், அதுவும் மூன்று சேவ் இடங்களோடு, இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம். ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டால் இன்னொரு பக்கம் போகலாம். ஆனால் யார் எங்கிருந்து தொடங்குவார்கள் என்று தெரியாதபோது கஷ்டத்தைப் படிப்படியாக ஏற்ற முடியாது. எல்லாப் பகுதியும் முதல் பகுதியாக இருந்தாக வேண்டும். அதனால் ஆறும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கின்றன. பாஸ்களும் அப்படித்தான். மூன்று முறை சரியாக மிதித்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

கஷ்டம் இல்லையென்றாலும் கற்பனைக்குப் பஞ்சமே இல்லை. விண்வெளிக்குப் போகும் வழியை மட்டும் சொல்கிறேன். ராக்கெட் எதுவும் கிடையாது. ஒரு நீர்யானை இருக்கிறது. அதன் மூக்கிலிருந்து குமிழி வரும். அந்தக் குமிழிக்குள் புகுந்தால் மாரியோ மிதந்து மிதந்து வானத்துக்குப் போய்விடுவான். அங்கே விண்வெளி உடை போட்டுக்கொண்டு, ஈர்ப்பு குறைந்த இடத்தில், ஒவ்வொரு குதியும் நீண்டுகொண்டே போகும். பார்க்க அழகாக மின்னும் நட்சத்திரங்கள், தொட்டால் அடி. ராட்சத வீட்டில் எறும்புகளே நமக்கு எதிரிகள். பொம்மைப் பகுதியில் மாரியோ தன் உருவத்தில் செய்த பிரம்மாண்ட இயந்திரத்துக்குள்ளேயே நடக்கிறான். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்குமோ என்ற ஆவல் கடைசி வரை குறையவில்லை. இதைச் செய்தது டிவி மாரியோக்களை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் குழு அல்ல, கேம் பாயையே உருவாக்கிய குன்பெய் யோகோயின் குழு. வேறு கைகள் என்பது ஒவ்வொரு பகுதியிலும் தெரிகிறது, எனக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பிடிக்கும்.

வாரியோ முதன்முதலில் வருவதும் இங்கேதான். ஜப்பானிய மொழியில் ‘வருய்’ என்றால் கெட்ட. அதோடு மாரியோவைச் சேர்த்து வாரியோ. முதல் பாகத்துக் கதைக்காக மாரியோ வெளியூர் போயிருந்த நேரத்தில் அவன் கோட்டையை இவன் பிடித்துக்கொள்கிறான். இளவரசியைக் காப்பாற்றும் வேலை இதில் கிடையாது, சொந்த வீட்டை மீட்க வேண்டும். வாரியோ மக்களுக்கு எவ்வளவு பிடித்துப்போனான் என்றால், 1994இல் வந்த மூன்றாம் பாகத்துக்கு அவனே கதாநாயகன்.

இசை கஸுமி தொதாகா. ஒரே மெட்டை வேகம் மாற்றி, தாளம் மாற்றி, பல இடங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தான் இசையமைக்கும் கேம்களில் ஒரு சின்ன மெட்டை ஒளித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். இதில் கேம் ஓவர் திரையில் எதையும் அமுக்காமல் சுமார் இரண்டரை நிமிடம் காத்திருந்தால் அது கேட்கும்.

சிறு குறை ஒன்று, வழியில் கிடைக்கும் சாதாரணக் காசுகள். 100 காசு சேர்த்தால் ஒரு லைஃப் என்ற வழக்கம் இங்கே இல்லை. 999 வரை சேர்த்துக்கொண்டு போய் சூதாட்ட இயந்திரத்தில் போடலாம், அவ்வளவுதான். வழியில் ஒரு காசைப் பார்த்தால் ஓடிப்போய் எடுக்கத் தோன்றுவதில்லை.

இனி உண்மையான பலவீனத்துக்கு வருகிறேன்: வாரியோவின் கோட்டை.

ஆறு பகுதியிலும் இதமாக அழைத்துக்கொண்டு வந்த கேம், கோட்டைக்குள் நுழைந்ததும் வேறு ஆளாக மாறிவிடுகிறது. நீளமான லெவல், நெருக்கமான பொறிகள், நெருப்பு. மற்ற லெவல்களில் பாதி வழியில் ஒரு மணி தொங்கும். அதைத் தொட்டுவிட்டால் செத்தாலும் அங்கிருந்து தொடரலாம். கோட்டையில் அந்த மணியே கிடையாது. கடைசியில் வாரியோவோடு சண்டை மூன்று அறைகளில். முதலில் வெறுங்கையோடு குதித்து நிலத்தை அதிர வைப்பான், அடுத்து கேரட்டின் காதோடு மிதந்து வருவான், பிறகு நெருப்போடு. நமக்கு இதுவரை துணையாக இருந்தவற்றையே அவன் எடுத்துக்கொண்டு நம்மீது பாய்வது அருமையான யோசனை. ஆனால் அங்கே செத்தால் கோட்டை வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லைஃப் எல்லாம் தீர்ந்து கேம் ஓவர் ஆனால் ஆறு தங்கக் காசும் பாஸ்களிடமே திரும்பிப் போய்விடும். மறுபடி ஆறு பேரையும் அடித்து வாங்க வேண்டும்.

மகளுக்கு அது நடந்தது. இரண்டாவது அறை வரைக்கும் போனாள், கடைசி லைஃப் போனது. காசு ஒன்றுகூட இல்லாத வரைபடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “அப்பா, நான் ஜெயிச்சது எல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. எளிதான பாஸை மறுபடி அடிப்பதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கோட்டையில் தேவைப்படும் திறமைக்கு அந்த ஆறு பகுதியும் அவளைத் தயார்படுத்தவே இல்லை. கஷ்டமாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. கஷ்டத்துக்குப் போகும் படிக்கட்டைக் கட்டாமல் விட்டதைத்தான் சொல்கிறேன்.

இதை இரண்டு வழியில் சமாளிக்கலாம். கேமைத் தொடங்கும் இடத்தில், சேவ் தேர்ந்தெடுக்கும் திரையில் செலக்ட் பட்டனை அமுக்கினால் எளிய முறைக்கு மாறும். சின்னக் குழந்தைகளுக்கு அது போதும். 2023 பிப்ரவரியில் இது ஸ்விட்சின் ஆன்லைன் கேம் பாய் தொகுப்பில் வந்துவிட்டது. அதில் நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கலாம், எனவே காசு பறிபோகும் கொடுமை இல்லை. கேம் பாயில் செருகும் பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாம் சேவ் செய்ததைக் காப்பாற்றி வைப்பது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. அது தீர்ந்துபோனால் கேம் ஓடும், ஆனால் சேவ் நிற்காது. வாங்கும் முன் சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

விளையாடுவது என்று முடிவு செய்துவிட்டால் விண்வெளியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த மிதப்புக்குப் பிறகு மற்றவை கொஞ்சம் கனமாகத் தோன்றும். கோட்டைக்குப் போகும் முன் சேர்த்த காசை எல்லாம் இயந்திரத்தில் போட்டு லைஃபை ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளே கேரட்டோடு போங்கள், காது அடித்து மெதுவாக இறங்கினால் பாதிப் பொறிகள் பயமுறுத்தாது. மகள் இரண்டாம் தடவை அப்படித்தான் போனாள், மூன்றாவது அறையில் வாரியோவைக் கடைசியாக மிதிக்கும்போதும் காது இருந்தது.