இரண்டு நாள் வாதாடிய பிறகு தப்பென்று தெரிந்தால்

வணக்கம். மாண்டி ஹால் புதிரில் மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால்தான் பரிசு; நீங்கள் ஒன்றைத் தேர்ந்ததும், பரிசு எங்கே என்று தெரிந்த நடத்துநர் மீதி இரண்டில் பரிசு இல்லாத ஒன்றைத் திறந்துகாட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்பார். கதவை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பாதிக்குப் பாதிதான் என்று இணைய விவாதத்தில் இரண்டு நாள் அடித்துப் பேசினீர்கள். பிறகு மூன்று சீட்டுகளை வைத்து நீங்களே ஆடிப் பார்த்ததும் தப்பு புரிந்திருக்கிறது. எழுதியதையெல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அழித்தால் பொறுமையாகப் பதில் சொன்னவரின் உழைப்பும் சேர்ந்து போய்விடும்.

இந்தப் புதிரில் சறுக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1990இல் அமெரிக்கப் பத்திரிகைப் பத்தியாளர் மேரிலின் வோஸ் சவாந்த் மாற்றுவதே நல்லது என்று எழுதியபோது, முனைவர் பட்டம் பெற்றவர்களே அது தவறென்று கடிதம் போட்டார்கள். பெரும் கணிதமேதை பால் எர்டிஷ்கூட கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். நீங்கள் சீட்டை எடுத்துச் சோதித்தீர்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். பலர் அதைச் செய்யவே மாட்டார்கள்.

சரி, எப்படி எழுதுவது? உங்களை யோசிக்க வைத்த அந்தக் குறிப்பிட்ட பதிலுக்குக் கீழேயே எழுதுங்கள். “முதலில் எடுத்த சீட்டு சரியாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான், மீதி இரண்டு பங்கும் மாற்றுபவருக்குத்தான், இதைக் கவனிக்காமல் விட்டேன்” என்று காரணத்தோடு சொல்லுங்கள். அதற்கப்புறம் “ஆனாலும்” என்று மட்டும் தொடங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படித் தொடங்கி, முடிந்துபோன சண்டை இன்னும் ஒரு வாரம் ஓடியது. பதில் சொன்னவரைக் கேலி செய்து நீங்கள் எழுதிய வரி இருக்கிறதே, அதற்குத் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். கணக்கில் தவறியது வேறு, அது வேறு.